இராபர்ட் ஷா: நடிகரும் நாவலாசிரியரும்

ஷா என்ற பெயரைக் கேட்டவுடன் நம் நாட்டவர் பலருக்கும் நினைவுக்கு வருபவர், வெண்தாடியும் கூரிய நாவும் படைத்த நாடகாசிரியர் பெர்னாட் ஷா ஆவார். இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் அவரல்லர். அவருக்கு உறவினரும் அல்லர். இவர் இராபர்ட் ஷா. 1927ஆம் ஆண்டில் பிறந்து, 1978இல் மறைந்த ஆங்கில நடிகர். ஐம்பத்தோர் ஆண்டுகளே வாழ்ந்த இவர் நாடக மேடையிலும் திரையிலும் புகழ் பெற்றார். அதே காலத்தில் ஐந்து நாவல்களையும் எழுதினார். நடிப்பை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. நாவல்களைப் பெரும்பாலும் மறந்துவிட்டது. தம்மை எழுத்தாளர் என்று கருதவேண்டும் என்பதே அம்மனிதரின் பெருவிருப்பமாக இருந்தது. ஒருவர் விரும்பிய புகழ் ஒன்றாகவும், அவருக்குக் கிடைத்த புகழ் மற்றொன்றாகவும் ஆனது எவ்வாறு? இதுவே நாம் இன்று ஆராயப் புகும் பொருள்.

முதலில் குணச்சித்திர நடிகர் என்பவர் யார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நாடகத்திலும் திரைப்படத்திலும் கதாநாயகன் என்று ஒருவன் உண்டு. அவன் எந்தப் படத்தில் வந்தாலும் பெரும்பாலும் அவனாகவே வருவான். அவனைக் காண்பதற்கென்றே மக்கள் கூடுவர். குணச்சித்திர நடிகரின் நிலை அத்தகையதன்று. இன்று அரசர், நாளை கூலிப்படைக் கொலைஞர், மறுநாள் மீன்பிடிப் படகின் தலைவர் என, ஏற்ற வேடத்திற்குள் அவர் மறைந்துவிட வேண்டும். சித்தர்கள் கூடுவிட்டுக் கூடு பாய்ந்தனர் என்று நம் பெரியோர் கூறுவர் அன்றோ? குணச்சித்திர நடிப்பு அத்தகையதொரு கலை. தம்முடலை அங்கேயே வைத்துக்கொண்டு, உள்ளத்தை மட்டும் பிறனொருவனின் உள்ளமாக மாற்றிக்கொள்ளும் வித்தை அது.

நாவலாசிரியரின் கலையும் இதற்கு மிகவும் அணுக்கமானதே. நடிகர் ஒரு கதையில் ஒருவனுக்குள் புகுகிறார். நாவலாசிரியரோ கதையில் வரும் ஒவ்வொருவருக்குள்ளும் புகுந்து வெளிவருகிறார். நடிகருக்குச் சொற்களைப் பிறர் எழுதித் தருவர்; நாவலாசிரியர் தாமே அவற்றைக் கண்டெடுக்கவேண்டும். நடிகருக்கு எதிரே மக்கள் கூட்டம் இருக்கும். நாவலாசிரியருக்கு எதிரே வெறுந்தாள்தான் இருக்கும். உறவுடைய இவ்விரு கலைகளும் ஒரே மனிதரிடம் குடிகொண்டால் ஒன்றையொன்று வளர்க்குமா, அன்றி ஒன்றையொன்று உண்டுவிடுமா என்னும் கேள்விக்கு இராபர்ட் ஷாவின் வாழ்க்கை ஓரளவு விடை தருகிறது.

இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில், அக்காலத்தில் இலங்காஷயர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த வெஸ்ட்ஹௌட்டன் என்றோர் ஊர் உண்டு. அங்கே 1927ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9ஆம் நாள் ஷா பிறந்தார். தந்தையார் மருத்துவர். தாயார் ஆப்பிரிக்காவின் சுவாசிலாந்தில் பிறந்து, செவிலியராகப் பணியாற்றியவர். ஷா சிறுவராக இருந்தபோதே குடும்பம் ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் கிடக்கும் ஆர்க்னித் தீவுகளுக்குக் குடிபெயர்ந்தது. ஸ்ட்ரோம்னஸ் என்னும் அத்துறைமுக ஊரில் மாரிக்காலத்துப் பகல் மிகக் குறுகியது, காற்று ஓயாதது. தந்தையார் நல்ல மருத்துவராயினும் மதுவுக்கு அடிமைப்பட்டிருந்தார். மகனுக்குப் பன்னிரண்டு வயதாகியிருந்தபோது அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். குடும்பம் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் பகுதிக்குச் சென்றது. ட்ரூரோ நகரப் பள்ளியில் சிறுவர் தம் படிப்பைத் தொடர்ந்தார்.

ஆசிரியப் பயிற்சி பெற்று நெடுங்காலம் பள்ளியிலேயே வாழ்ந்தவன் என்ற முறையில், இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும் என எண்ணுகிறேன். தந்தையை இவ்வாறு இழந்த பிள்ளைகள் வகுப்பில் இருவகையாக நடந்துகொள்வதை நான் கண்டிருக்கிறேன். சிலர் பேச்சையே குறைத்துக்கொண்டு மூலையில் ஒதுங்கிவிடுவர். சிலர் எல்லாவற்றிலும் முந்தவேண்டும், எல்லோரையும் வெல்லவேண்டும் என்று ஓயாமல் போட்டியிடுவர். ஷா இரண்டாம் வகையினர். விளையாட்டில் ஆர்வம் மிக்கவர், தோல்வியைத் தாங்கமாட்டாதவர். பின்னாளில் படப்பிடிப்பு நடந்த இடங்களிலும் அவருடைய போட்டி மனப்பான்மை உடன்நடித்தவர்களைத் துன்புறுத்தியது உண்டு. அவ்வாறு ஓடிய ஓட்டத்திற்கு அடியில் ஓர் இழப்பு இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நடிப்புக் கல்லூரியில் சேருமுன் ஷா சிறிது காலம் பள்ளியாசிரியராகவும் இருந்தார். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் சால்ட்பர்ன் என்னும் கடற்கரை ஊரிலிருந்த ஒரு தொடக்கப் பள்ளியில் அவர் கற்பித்தார். ஆசிரியர் தொழில் அவரை நெடுநாள் பிடித்து வைத்திருக்கவில்லை. எனினும், நாள்தோறும் முப்பது நாற்பது கண்கள் தம்மையே நோக்க, ஒரு பொருளைச் சுவையுறச் சொல்லும் பயிற்சி பிற்கால நடிகருக்குப் பயன்படாமற் போயிருக்காது என்பது என் கருத்து. பின்னர் இலண்டனிலுள்ள அரச நாடகக் கலைக்கழகத்தில் பயின்று 1948இல் வெளிவந்தார். அடுத்த ஆண்டே ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்போர்டு நகரத்து நாடக அரங்கில் சிறு வேடங்கள் அவருக்குக் கிடைத்தன.

தொடக்க ஆண்டுகள் எளியனவாக இருக்கவில்லை. 1951இல் புகழ்பெற்ற நடிகர் அலெக் கின்னஸ் இலண்டனில் 'ஹாம்லெட்' நாடகத்தை நடத்தினார். அதில் ஹாம்லெட்டின் பள்ளித் தோழர்களுள் ஒருவனாகிய ரோசன்கிராண்ட்சு என்னும் சிறு வேடமே ஷாவுக்குக் கிட்டியது. 1955இல் வெளிவந்த 'தி டாம் பஸ்டர்ஸ்' என்னும் போர்ப் படத்தில் விமானப்படை வீரர் கூட்டத்தில் ஒருவராக வந்தார். 1956இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் கடற்கொள்ளையர் தலைவனாகிய டான் டெம்பஸ்ட் என்னும் வேடம் அமைந்தது. சிறுவர்கள் அவரைத் தெருவில் அடையாளம் கண்டுகொள்ளத் தொடங்கினர். அப்புகழோடு அமைதி கொள்ளாமல் அவர் மேசைமுன் அமர்ந்து எழுதத் தொடங்கினார். அதன் பயனாக 1959இல் முதல் நாவல் வெளிவந்தது.

அந்நாவலின் பெயர் 'தி ஹைடிங் பிளேஸ்'. 'மறைவிடம்' என்று நாம் மொழிபெயர்க்கலாம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின்மேல் குண்டு வீசச் சென்ற ஆங்கில விமானிகள் இருவர் கீழே விழுகின்றனர். ஜெர்மானியர் ஒருவர் அவர்களைத் தம் வீட்டு நிலவறையில் அடைத்துவைக்கிறார். 1945இல் போர் முடிந்துவிடுகிறது. ஆயினும் அவர் அச்செய்தியை அவர்களுக்குச் சொல்வதில்லை. போர் இன்னும் நடைபெறுவதாகவே அவர்களை நம்பவைத்து, ஆண்டுக்கணக்கில் காவல் காக்கிறார். ஏன்? கைதிகள் இருவரையும் அன்றி அவருக்கு வாழ்வில் வேறு துணை இல்லை. சிறைக்காவலரும் அச்சிறையில் ஒரு கைதியே என்பது கதையின் உட்பொருள். தீயவன் ஒருவனின் கதையாக எழுத வேண்டியதைத் தனியன் ஒருவனின் கதையாக எழுதிய நுட்பத்தில்தான் புதிய எழுத்தாளரின் ஆற்றல் வெளிப்பட்டது.

இக்கதை பின்னர் 1965இல் திரைப்படமாயிற்று. திரைப்படத்தார் ஆங்கில விமானிகளை அமெரிக்கர்களாக மாற்றினர். துயரக் கதையை நகைச்சுவைப் படமாகவும் ஆக்கினர். அதில் காவலராக நடித்தவர் யார் தெரியுமா? பதினான்கு ஆண்டுகளுக்குமுன் ஷாவுக்குச் சிறு வேடம் கொடுத்த அதே அலெக் கின்னஸ். கைதிகளுள் ஒருவராக நடித்தவர் அப்போது இளைஞராயிருந்த இராபர்ட் ரெட்போர்டு. அதே ரெட்போர்டுடன் 1973இல் ஷா வேறொரு படத்தில் எதிரியாக நிற்கப்போகிறார் என்பதை அன்று எவரும் அறியார்.

இரண்டாம் நாவல் 'தி சன் டாக்டர்', 1961இல் வெளிவந்தது. ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் பணி செய்த ஆங்கில மருத்துவர் ஒருவர், அரசு அளிக்கும் பட்டத்தைப் பெறத் தாய்நாடு திரும்புகிறார். உலகம் அவரைப் பாராட்டுகிறது. அவருடைய நெஞ்சமோ அவரைக் குற்றஞ்சாட்டுகிறது. மருத்துவரின் மகனாகப் பிறந்து, அம்மருத்துவரை இளமையில் இழந்த ஒருவர், தம் கதைக்கு ஒரு மருத்துவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று என்னால் கருத இயலவில்லை. இந்நாவலுக்கு 1962இல் ஹாதோர்ண்டன் பரிசு கிடைத்தது. 1919இல் நிறுவப்பெற்ற அப்பரிசு இங்கிலாந்தின் பழமையான இலக்கியப் பரிசுகளுள் ஒன்று. கிரகாம் கிரீன் போன்ற பெரும் நாவலாசிரியர்கள் பெற்ற பரிசு. அதை ஒரு நடிகர் பெற்றார் என்றால், பொழுதுபோக்காக எழுதிய நடிகர் என்று இவரை ஒதுக்கிவிட இயலாது என்பது தெளிவு.

அதன்பின் 'ஆன்மாக்களைப் பேணுதல்' என்று பொருள்படும் பொதுத் தலைப்பில் மூன்று நாவல்களை எழுதினார். முதலாவது 'தி பிளாக்', அதாவது 'கொடி', 1965இல் வந்தது. சமதர்மக் கொள்கையுடைய ஒரு பாதிரியாரைப் பற்றியது. மூன்றாவது 'எ கார்டு பிரம் மொராக்கோ', 1969இல் வந்தது; அயல்நாட்டில் குடியும் பேச்சுமாகப் பொழுதைக் கழிக்கும் நண்பர் இருவரைப் பற்றியது. இவ்விரண்டுக்கும் இடையில் 1967இல் வெளிவந்த நாவலே ஷாவின் படைப்புகளுள் பெரும்புகழ் பெற்றது. அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

அதன் பெயர் 'தி மேன் இன் தி கிளாஸ் பூத்'. 'கண்ணாடிக் கூண்டில் ஒரு மனிதன்' எனலாம். அதன் பின்னணியை முதலில் நினைவுகூர வேண்டும். ஜெர்மனியின் நாஜி ஆட்சியில் இலட்சக்கணக்கான யூதர்களைக் கொலைக்களங்களுக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பில் இருந்தவன் அடால்ப் ஐக்மன். அவன் தென் அமெரிக்காவில் மறைந்து வாழ்ந்தபோது 1960இல் இஸ்ரேலிய ஒற்றர்கள் அவனைப் பிடித்துச் சென்றனர். 1961இல் ஜெருசலேம் நகரில் வழக்கு நடைபெற்றது. எவரேனும் அவனைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காகக் குண்டு துளைக்காத கண்ணாடிக் கூண்டுக்குள் அவனை அமர்த்தினர். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன், அவ்வளவே என்று அவன் வாதிட்டான். 1962இல் தூக்கிலிடப்பட்டான். கூண்டினுள் அமர்ந்திருந்த அம்மனிதனின் தோற்றம் உலகத்தார் உள்ளத்தில் பதிந்துவிட்டது.

ஷா இதிலிருந்து ஒரு கதையை உருவாக்கினார். நியூயார்க் நகரத்தில் ஆர்தர் கோல்ட்மன் என்னும் யூதச் செல்வர் வாழ்கிறார். ஒருநாள் இஸ்ரேலிய ஒற்றர்கள் வந்து, 'நீ யூதனல்லன். டார்ப் என்னும் நாஜி அதிகாரி' என்று கூறி அவரைப் பிடித்துச் செல்கின்றனர். அவர் மறுக்கவில்லை. வழக்கு மன்றத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, தாம் செய்த கொலைகளைப் பெருமிதத்தோடு எடுத்துரைக்கிறார். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததாக அவர் சொல்வதில்லை. விரும்பியே செய்ததாகச் சொல்கிறார். இறுதியில் உண்மை வெளிப்படுகிறது. அவர் டார்ப் அல்லர். கொலைக்களத்திலிருந்து தப்பிப் பிழைத்த கோல்ட்மனே. தம்மைத் தாமே குற்றவாளியாகக் காட்டும் சான்றுகளை அவரே முன்கூட்டி அமைத்திருந்தார்.

ஒருவர் ஏன் இவ்வாறு செய்யவேண்டும்? கதை இதற்கு ஒரே விடையை வைக்கவில்லை. உண்மையான குற்றவாளிகள் எவரும் மன்றத்தில் உண்மையைச் சொல்லமாட்டார்கள். ஆகவே அதைச் சொல்லும் குற்றவாளியாகத் தாமே நடிக்க அவர் துணிந்தார் எனலாம். பலர் மாண்டிருக்கத் தாம் மட்டும் பிழைத்த குற்றவுணர்வுக்குத் தண்டனை தேடினார் எனவும் கூறலாம். எவ்வாறாயினும், இஃது ஒரு நடிகராலேயே எழுதக்கூடிய கதை என்று நான் துணிந்து சொல்வேன். பகைவனின் உள்ளத்துக்குள் புகுந்து, அவன் குரலில் பேசி, அப்பேச்சின் நஞ்சைத் தம்முள் ஏற்றுக்கொள்ளும் கோல்ட்மன், இறுதி எல்லைக்குச் சென்ற குணச்சித்திர நடிகர் அன்றி வேறு யார்? கூடுவிட்டுக் கூடு பாய்ந்தவர் தம் பழைய கூட்டுக்குத் திரும்ப இயலாமற் போனால் என்ன ஆகும் என்பதையே ஷா இங்கு எண்ணிப் பார்த்திருக்கிறார்.

இந்நாவலை ஷா தாமே நாடகமாக்கினார். நாடகாசிரியர் ஹரால்டு பின்டர் இயக்க, டொனால்டு பிளெசன்ஸ் தலைமை வேடம் ஏற்க, 1967இல் இலண்டனிலும் 1968இல் நியூயார்க்கிலும் அது அரங்கேறிப் பெரும் பேச்சுக்கு உள்ளாயிற்று. பகைவனுக்கு இத்துணை நாவன்மையைக் கொடுக்கலாமா என்று சிலர் வருந்தினர். மாண்டவர்களின் துயரை இவ்வளவு அருகில் கொண்டுவந்து நிறுத்தினாரே என்று சிலர் பாராட்டினர். 1975இல் திரைப்படமாக வந்தபோது தம் எண்ணத்திலிருந்து அது விலகிவிட்டதாகக் கருதிய ஷா, படத்திலிருந்து தம் பெயரை நீக்கச் செய்தார். பொருளுக்காகப் பல படங்களில் நடித்தவர், தம் எழுத்து என்று வந்தபோது விட்டுக்கொடுக்கவில்லை என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும்.

இனி அவருடைய நடிப்பைக் காண்போம். 1963ஆம் ஆண்டு அவருக்கு இரு பெரும் வாய்ப்புகளைக் கொண்டுவந்தது. பின்டரின் 'தி கேர்டேக்கர்' நாடகம் திரைப்படமானபோது, ஒரே அறையில் மூவர் உழலும் அக்கதையில் அமைதியான அண்ணனாக நடித்தார். அதே ஆண்டு 'பிரம் ரஷ்யா வித் லவ்' என்னும் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் பொன்னிறத் தலைமயிருடைய கொலைஞனாகவும் வந்தார். அப்படத்தின் பெரும்பகுதியில் அக்கொலைஞன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. கதாநாயகனைத் தொலைவிலிருந்தே தொடர்கிறான். இரயில் நிலையத்தில் முதன்முதலாக வாய் திறக்கும்போது நமக்கு நெஞ்சம் திடுக்கிடுகிறது. பேசாமல் இருந்தே அச்சத்தை வளர்க்க அவரால் இயன்றது.

1966இல் வெளிவந்த 'எ மேன் பார் ஆல் சீசன்ஸ்' படத்தில் அவர் எட்டாம் ஹென்றி மன்னர். மனச்சான்றுக்கு மாறாக நடக்க மறுத்து உயிர் துறந்த தாமஸ் மோரின் வரலாறு அது. மன்னர் சில காட்சிகளிலேயே வருகிறார். படகிலிருந்து இறங்கும்போது அவர் கால் சேற்றில் புதைகிறது. உடன்வந்தோர் அனைவரும் மூச்சடக்கி நிற்கின்றனர். மன்னர் தம் கால்களைப் பார்க்கிறார். பின் உரக்கச் சிரிக்கிறார். உடனே எல்லோரும் சிரிக்கின்றனர். இவர் மகிழ்ந்தால் நாடு மகிழும், சினந்தால் தலைகள் உருளும் என்பதை அந்த ஒரு சிரிப்பு நமக்கு உணர்த்திவிடுகிறது. பல பக்கங்கள் எழுதி விளக்கவேண்டியதை ஒரு கணத்தில் காட்டுவது இதுவே. அவ்வேடத்திற்காக அவர் பெயர் ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை.

1973இல் வந்த 'தி ஸ்டிங்' படத்தில் சூதாட்டக்காரத் தலைவனாக நடித்தார். படப்பிடிப்பு தொடங்கும் வேளையில் முழங்காலில் காயம் பட்டிருந்தது. அவர் நொண்டி நடந்த நடையையே அவ்வேடத்தின் நடையாக்கிக்கொண்டார். குறையைக் குணமாக்கிக் காட்டும் திறன் அது. 1974இல் 'தி டேக்கிங் ஆப் பெலாம் ஒன் டூ த்ரீ' படத்தில் நியூயார்க்கின் நிலத்தடி இரயிலைக் கைப்பற்றும் கும்பலின் தலைவனாக வந்தார். 1975இல் 'ஜாஸ்' வெளிவந்தது. மக்களை விழுங்கும் சுறாமீனை வேட்டையாடப் புறப்படும் குவின்ட் என்னும் முரட்டுப் படகுத் தலைவனாக அதில் நடித்தார். உலகின் மூலைமுடுக்கெல்லாம் அவரை அறிந்துகொண்டது இப்படத்தினாலேயே.

அப்படத்தில் எழுத்தாளர் ஷாவும் நடிகர் ஷாவும் ஒன்றாகச் சந்தித்த இடம் ஒன்றுண்டு. இரவில் படகின் அறைக்குள் மூவர் அமர்ந்திருக்கின்றனர். 'இந்தியானாபோலிஸ்' என்னும் போர்க்கப்பல் மூழ்கிய கதையைக் குவின்ட் கூறுகிறான். இது வரலாற்று நிகழ்ச்சி. அணுகுண்டின் உறுப்புகளைத் தினியன் தீவில் சேர்த்துவிட்டுத் திரும்பிய அக்கப்பலை 1945ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியது. ஏறத்தாழ 1,200 பேர் இருந்த கப்பலில் முந்நூற்றுச் சொச்சம் பேரே உயிர் பிழைத்தனர். பலர் நாட்கணக்கில் நீரில் மிதந்து, சுறாக்களுக்கும் இரையாயினர். படத்தில் வரும் பேச்சு நிகழ்ச்சியின் நாளை ஜூன் 29 என்று தவறாகக் குறிப்பிடுகிறது. அப்பேச்சின் வரைவைப் பலர் எழுதினர். நீண்டு கிடந்த வரைவை வெட்டிச் செப்பனிட்டு இறுதி வடிவம் கொடுத்தவர் ஷாவே என்று இயக்குநர் ஸ்பீல்பெர்க் கூறியிருக்கிறார். முதல்நாள் மது அருந்திவிட்டு நடித்தபோது காட்சி கெட்டுப்போயிற்று. மறுநாள் தெளிந்த நிலையில் வந்து நடித்ததே நமக்குக் கிடைத்த காட்சி என்றும் அவர் சொல்லியுள்ளார். தேவையற்ற சொற்களைக் களைந்த எழுத்தாளரின் கையும், எஞ்சிய சொற்களுக்கு உயிரூட்டிய நடிகரின் குரலும் அங்கு ஒன்றாயின.

நேயர்களே, இவ்வாழ்க்கையைக் கூர்ந்து நோக்கினால் ஓர் இழை ஊடுருவிச் செல்வதைக் காணலாம். அடைபட்ட இடமும் அதனுள் சிக்கிய சில மனிதரும் அவரிடம் மீண்டும் மீண்டும் வருகின்றனர். முதல் நாவலில் நிலவறை. பிறகு கண்ணாடிக் கூண்டு. நடித்த படங்களிலோ ஒரே அறை, இரயில் பெட்டி, நிலத்தடி இரயில், கடல் நடுவே சிறு படகு. 1970இல் 'பிகர்ஸ் இன் எ லேண்ட்ஸ்கேப்' என்னும் படத்திற்கு அவரே திரைக்கதை எழுதி நடித்தார். அதில் கைகள் கட்டப்பட்ட இருவர் பரந்த மலைவெளியில் ஓடுகின்றனர். தலைக்குமேல் ஹெலிகாப்டர் துரத்துகிறது. வானமே கூரையாக அமைந்தாலும் அதுவும் ஒரு சிறையே. நடித்த கதைகளில் பெரும்பாலானவற்றைப் பிறர் எழுதினர் என்பது உண்மை. ஆயினும் அத்தகைய வேடங்களில் அவர் மிகவும் ஒளிர்ந்தார் என்பதற்குக் காரணம், அவருள் இருந்த நாவலாசிரியர் அவ்விடங்களை முன்பே அறிந்திருந்தமையே என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நம் தொடக்கக் கேள்விக்கு வருவோம். 1959 முதல் 1969 வரையுள்ள பத்தாண்டுகளில் ஐந்து நாவல்கள். 1971இல் 'கேட்டோ ஸ்ட்ரீட்' என்னும் நாடகம் ஒன்று. அதன்பின் மறைவு வரையுள்ள ஆண்டுகளில் புதிய நாவல் ஒன்றும் வெளிவரவில்லை. படங்களோ பன்னிரண்டுக்கு மேல். ஏன் இவ்வாறு ஆயிற்று? நடிப்பு எழுத்தை விழுங்கிவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அதை ஒப்பவில்லை. நாவல்கள் எழுதிய அந்தப் பத்தாண்டுகளிலும் அவர் இடைவிடாது நடித்துக்கொண்டேதான் இருந்தார். மேடையில் பெற்ற பயிற்சி அவர் நாவல்களின் உரையாடல்களுக்கு வலிவூட்டியது; எழுத்தில் பெற்ற நுட்பம் நடிப்புக்கு ஆழம் தந்தது. இரு கலைகளும் ஒரே ஊற்றிலிருந்து நீர் பருகின.

ஊற்றைத் தூர்த்தவை வேறு. மும்முறை மணம் புரிந்த அவருக்குப் பிள்ளைகள் பத்துப் பேர். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் டூர்மகேடி என்னும் ஊரில் பெரிய வீடு. வரிச்சுமை ஒருபுறம், செலவு ஒருபுறம். நாவல் எழுத ஆண்டுகள் ஆகும். அதில் வரும் ஊதியமோ சிறிது. படத்தில் நடிக்கச் சில வாரங்கள் போதும், ஊதியமோ பெரிது. இக்கணக்கில் எழுத்து எப்போதும் நாளை, நாளை என்று தள்ளிப்போயிற்று. இவற்றோடு மதுவும் சேர்ந்தது. தந்தையைக் கெடுத்த பழக்கமே மகனையும் பற்றிக்கொண்டது. இரண்டாம் மனைவியும் புகழ்பெற்ற நடிகையுமான மேரி உரே, 1975ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், மதுவோடு தூக்க மருந்தும் கலந்தமையால் எதிர்பாராது உயிர் நீத்தார். அவ்வாண்டு ஜூன் திங்களில்தான் 'ஜாஸ்' வெளிவந்து உலகம் ஷாவைக் கொண்டாடியது. ஊர் முழுதும் விழாவாகவும் வீட்டில் இருளாகவும் இருந்த காலம் அது.

1978ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள், டூர்மகேடிக்கு அருகே மனைவியுடனும் மகனுடனும் காரில் சென்றுகொண்டிருந்த ஷாவுக்கு உடல்நலம் குன்றியது. வண்டியை நிறுத்திக் கீழே இறங்கியவர், சாலையோரத்திலேயே மாரடைப்பால் வீழ்ந்து மறைந்தார். இறுதியாக நடித்த 'அவலாஞ்சு எக்ஸ்பிரஸ்' 1979இல் வெளியாயிற்று. குரற்பதிவு முடியுமுன்பே அவர் மறைந்துவிட்டமையால் வேறொரு நடிகர் அவருக்குக் குரல் கொடுத்தார். குரலால் புகழ் பெற்றவரின் கடைசிப் படத்தில் அவர் குரல் இல்லை.

அவர் நினைவு அழிந்துவிடவில்லை. டூர்மகேடியில் 2008இல் நினைவுக்கல் நாட்டினர். பிறந்த ஊராகிய வெஸ்ட்ஹௌட்டனில் ஒரு மதுக்கடைக்கு அவர் பெயரைச் சூட்டினர். அன்பினால் செய்த செயலாயினும், அவர் வரலாற்றை அறிந்தவர் நெஞ்சம் சற்று வருந்தவே செய்யும். அவருடைய மகன் இயன் ஷாவும் நடிகரே. 'ஜாஸ்' படப்பிடிப்பில் எந்திரச் சுறா பழுதாகி, நடிகர் மூவரும் படகில் காத்துக்கிடந்த நாட்களைப் பொருளாகக் கொண்டு, 'தி ஷார்க் இஸ் புரோக்கன்' என்னும் நாடகத்தை அவர் மற்றொருவருடன் சேர்ந்து எழுதினார். 2019இல் எடின்பரோவில் தொடங்கிய அந்நாடகம், இலண்டன் வழியாக 2023இல் நியூயார்க்கை அடைந்தது. அதில் இராபர்ட் ஷாவாக நடித்தவர் மகனே. தந்தையின் நிறைகளையும் குறைகளையும், குடியையும் குழப்பத்தையும் மறைக்காமல், தம்முடலிலேயே ஏற்று நடித்தார். தந்தையை இழந்த ஒரு சிறுவர் நாவல்களில் தந்தையைத் தேடினார். அவரையும் இளமையிலேயே இழந்த மகன் நாடகத்தில் அவரைத் தேடினார்.

ஷா எழுதாமல் விட்ட நாவல்கள் எத்தகையனவாக இருந்திருக்கும் என்று எவராலும் கூற இயலாது. எழுதிய ஐந்தும் நம்முன் உள்ளன. இரு திறமைகள் உள்ள இளைஞரைக் கண்டால், ஒன்றைக் கைவிடு என்று நாம் உடனே அறிவுரை கூறிவிடுகிறோம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்காதே என்று எச்சரிக்கிறோம். இரண்டு திறமைகளால் மனிதர் கெடுவதில்லை என்பதையே இவ்வாழ்க்கை எனக்குக் காட்டுகிறது. அவற்றுக்கு வேண்டிய அமைதியையும் நேரத்தையும் வேறு பசிகள் தின்றுவிடாமல் காப்பதே அரிது. 'ஜாஸ்' படத்தைப் பார்த்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கலாம். அவர்களுள் ஒரு சிலரேனும், அப்படகில் அமர்ந்து கதை சொன்னவர் எழுதிய 'மறைவிடம்', 'கண்ணாடிக் கூண்டில் ஒரு மனிதன்' ஆகிய நூல்களை நூலகத்தில் கேட்டு வாங்கிப் படிப்பார்களானால், அம்மனிதர் விரும்பிய புகழில் ஒரு சிறு பங்கு காலந்தாழ்ந்தேனும் அவரைச் சென்று சேரும்.